திரும்பும் நேரத்தையும் அறிவிப்பில் போடுங்கள்

அமெரிக்கத் தென்மேற்கு மாநிலங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்களின் சுற்றுலாப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

யூட்டா மாநிலத்தின் லோயர் காஃப் கிரீக் அருவிக்குக் குடும்பங்களைத் திரட்டிப் போகும்போது அறிவிப்பு வழக்கமாக இப்படித்தான் அமைகிறது: "பாலைவனத்தில் ஓர் அருவி. 6 மைல் நடை. எளிது. குழந்தைகளும் வரலாம்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோருக்குத் தெரிய வேண்டியதும் இதில் இல்லை. அதை எழுதத்தான் இந்த மடல்.

எஸ்கலான்டே, போல்டர் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே, 12-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது காஃப் கிரீக் முகாம். 1996-இல் அறிவிக்கப்பட்ட கிராண்ட் ஸ்டேர்கேஸ் எஸ்கலான்டே தேசிய நினைவிடம் என்ற பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்புக்குள் வரும் பகுதி இது. முகாமிலிருந்து ஓடையோரமாக ஏறக்குறைய 3 மைல் நடந்தால் 126 அடி உயர அருவி. அதே வழியில் 3 மைல் திரும்ப வேண்டும். பெரிய ஏற்றம் கிடையாது, அதனால்தான் "எளிது" என்ற சொல் ஒட்டிக்கொண்டது. ஆனால் பாதையின் பெரும்பகுதி கால் புதையும் மணல். கடைசி அரை மைல் வரை நிழல் அபூர்வம்.

அருவி என்றதும் நம்மில் பலருக்கு மனத்தில் எழுவது குற்றாலம். வண்டியை விட்டு இறங்கியதும் சாரல் முகத்தில் அடிக்கும், குளித்து முடித்ததும் சூடாக ஏதாவது சாப்பிடலாம், களைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விடலாம். காஃப் கிரீக்கில் வரிசையே மாறிப்போகிறது. குளிர்ச்சி நடுவில் இருக்கிறது, வெயில் கடைசியில் இருக்கிறது. காலை நிழலில் உற்சாகமாகப் போன பிள்ளை, தண்ணீரில் ஆடிக் களைத்து, ஈர உடையோடு, உச்சிப் பொழுதில் அதே மணலை மீண்டும் மிதிக்க வேண்டும். அந்த மூன்று மைலில்தான் பிள்ளைகள் சோர்ந்து விழுகிறார்கள். அதற்கான காரணமோ பெரும்பாலும் போகும் வழியிலேயே நடந்துவிடுகிறது. "இன்னும் கொஞ்ச தூரம்தான் கண்ணு, கிட்ட வந்துட்டோம்" என்று பெற்றோர் நாலைந்து முறை சொல்லிக் கூட்டிப்போகிறார்களே, அந்த நாலைந்து முறைதான்.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: புறப்படும் நேரத்தோடு திரும்பும் நேரத்தையும் அறிவிப்பில் அச்சிடுங்கள். அருவியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் அந்த மணிக்கு எல்லோரும் திரும்புவார்கள் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் இருக்கும் கூட்டம், நின்று நின்று போவதையும் சேர்த்து, மணிக்கு ஒரு மைல்தான் நகரும். அக்டோபரில் காலை 8 மணிக்குப் புறப்பட்டால் அருவியை அடைய 11 ஆகும். முக்கால் மணி நேரம் அங்கே. 11:45-க்குத் திரும்ப வேண்டும். வண்டிக்கு வர 2:45. மே மாதமானால் 6:30-க்குப் புறப்பாடு, 10:15-க்குத் திரும்புதல். நடைபாதையில் நின்று இந்தக் கணக்கைப் போட முடியாது. அருவிச் சத்தம் காதில் விழத் தொடங்கிய பிறகு திரும்பலாம் என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. முந்தின வாரமே அச்சில் இருந்தால், யாரும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது.

நேரம் என்றதும் இன்னொன்று. கலிபோர்னியாவிலிருந்தும் லாஸ் வேகஸிலிருந்தும் வருகிறவர்கள் யூட்டாவுக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரத்தை இழக்கிறார்கள். அரிசோனாவின் பெரும்பகுதி கோடைக்காலக் கடிகார மாற்றத்தைக் கடைப்பிடிப்பதில்லை. அதனால் ஃபீனிக்ஸ்காரர்களுக்கும் மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இதே கதைதான். 12-ஆம் எண் சாலையில் பல இடங்களில் சிக்னல் கிடையாது, கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். "யூட்டா நேரம்" என்று எழுதுங்கள். முந்தின இரவே எஸ்கலான்டேயிலோ போல்டரிலோ தங்கச் சொல்லுங்கள். வண்டி நிறுத்துமிடம் சிறியது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் முற்பகலிலேயே நிரம்பிவிடும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வண்டி என்று இருபது வண்டிகளில் வந்தால் பாதிப் பேர் இடம் தேடியே காலை நேரத்தைத் தொலைப்பார்கள்.

அந்தச் சாலை வளைந்து வளைந்து, சில இடங்களில் இரு பக்கமும் பள்ளமாகப் போகும். வண்டியில் வாந்தி எடுத்த பிள்ளை நடையைத் தொடங்கும் முன்பே நீர்ச்சத்தை இழந்திருக்கும். அப்படிப்பட்ட பிள்ளையை உடனே நடக்க வைக்காதீர்கள். நிழலில் உட்காரவைத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறு மிடறுகளாகக் கொடுத்து, அது வயிற்றில் தங்குகிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். பொட்டலம் கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது, உப்பு கூடினால் கேடு.

இனி காலணி. இந்தப் பாதையில் பிள்ளைகளின் நடையை முடித்துவைப்பது பெரும்பாலும் வெயில் அல்ல, குதிகால் கொப்புளம். மணல் காலணிக்குள் மேல் விளிம்பு வழியாகப் புகும். காலுறையின் மடிப்பில் தங்கும். ஒவ்வோர் அடியிலும் குதிகால் நழுவுவதால் அந்த மடிப்பு தோலைத் தேய்க்கும். பெரியவர்கள் நின்று உதறிவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை சொல்லாது, நடையை மட்டும் மாற்றிக்கொள்ளும்: காலைப் பக்கவாட்டில் வைக்கும், இல்லாவிட்டால் முன்பாதத்தில் நடக்கும். அதைக் கண்டதும் நிறுத்தி, காலணியைக் கழற்றி, காலுறையைப் புறம் திருப்பி உதறி, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பாக இருக்கும்போதே துணி டேப் ஒட்டினால் கொப்புளம் வராது. நீர்க்கோத்த பிறகு ஒட்டிப் பயனில்லை. முதல் மைல் முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். கணுக்கால் மூடிய காலணி, நீளமான காலுறை, உறையிட்ட மாற்றுக் காலுறை ஒரு ஜோடி. செருப்பும் கிராக்ஸும் தண்ணீருக்குள் போட்டுக்கொள்ள மட்டும்.

தண்ணீர்க் கணக்கை நாங்கள் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டியிருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஓடியாடும்போது இருபது நிமிடத்துக்கு 100 முதல் 250 மில்லிலிட்டர் வரை குடிக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. ஆறு மணி நேர நடைக்கு, மிதமான வெயிலிலேயே, பிள்ளைக்கு 2 லிட்டர். பெரியவருக்கு 3 லிட்டர். இருபது கிலோ எடையுள்ள பிள்ளை தன் முதுகில் சுமக்கக்கூடியது இரண்டு கிலோ, அதற்குள் தொப்பியும் தின்பண்டமும் மாற்றுடையும் வந்துவிடும். ஆக, பிள்ளைகள் ஆளுக்கு அரை லிட்டர் தூக்கினாலும், இரண்டு பிள்ளைகளோடு வரும் ஒரு பெரியவர் ஏறக்குறைய 6 கிலோ தண்ணீரைத் தானே சுமக்க வேண்டும். கைக்குழந்தையையும் முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் தனியாக இதைச் செய்ய முடியாது. பதிவுப் படிவத்தில் "எத்தனை பேர்" என்று மட்டும் கேட்காதீர்கள். நடக்கத்தக்க பெரியவர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, அவர்களின் வயது என்ன என்று கேளுங்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற விகிதம் உடையும் குடும்பத்துக்குச் சுமை தூக்க இன்னொருவரைச் சேர்த்துவிடுங்கள்.

ஓடைத் தண்ணீர் எப்போதும் பக்கத்தில்தானே என்று தோன்றும். கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்கும். ஆனால் மேலே பீவர்கள் அணை கட்டி வாழ்கின்றன. வடிகட்டாமலோ கொதிக்க வைக்காமலோ குடித்தால் வயிற்றுப்போக்குக் கிருமிகள் வரக்கூடும். வடிகட்டியை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், குடிநீரை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். பாதித் தண்ணீர் தீர்ந்தால், எங்கே நின்றாலும் அதுவே திரும்பும் இடம். கடிகாரம் சொன்னாலும் சரி, புட்டி சொன்னாலும் சரி, எது முதலில் சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடிக்க வைப்பதும் தவறு. வியர்வையில் உப்பு போகிறது, அது உணவோடு திரும்ப வர வேண்டும். நம் வீட்டுப் பண்டங்கள் இதற்கென்றே செய்தவை போல அமைந்தவை: முறுக்கு, தட்டை, உப்புக் கடலை, எலுமிச்சைச் சாதம். தயிர்ச்சாதம் வெயிலில் புளிக்கும், விட்டுவிடுங்கள். முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் தின்னக் கொடுங்கள். பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், விளையாட்டு மும்முரத்தில் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்று சொல்லாது.

அருவியடியில் சூழல் தலைகீழ். ஊற்று நீர் ஆண்டு முழுவதும் சில்லென்றே இருக்கும். செங்குத்துப் பாறை வெயிலை மறைக்கும், விழும் நீர் காற்றைக் கிளப்பும். சூடேறிய உடம்போடு ஓடிப்போய் விழுந்தால் மூச்சு முட்டும், நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் அப்படித்தான். முதலில் கால், பிறகு முழங்கால், பிறகு முகம் கழுவல், அதற்குமேல் பெரியவர் கையைப் பிடித்தபடி. நீர் விழும் இடத்துக்கு நேர் கீழே யாரையும் நிற்கவிடாதீர்கள். மேலிருந்து சிறு கல் வந்தாலும் போதும். உதடு நீலம் பாரிக்கும் முன், பல் கிட்டத் தொடங்கியதுமே வெளியே எடுத்து, ஈர உடையை முழுதாகக் களைந்து உலர்ந்ததைப் போடுங்கள். கால்விரல் இடுக்கு வரை துடைத்து, மணலைத் தட்டி, பிறகே காலுறை. ஈரக்கால், மணல், மூன்று மைல் என்று மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதிவிட்டோம்.

திரும்பும் வழியில் பெரியவர்களின் கண் பிள்ளைகளின் முகத்தில் இருக்கட்டும். பிள்ளையின் உடம்பு, எடைக்கு ஏற்பப் பார்த்தால், பெரியவரைவிட அதிகப் பரப்பு கொண்டது. வியர்ப்பதோ குறைவு. சுடுமணலுக்கும் அது அருகில் இருக்கிறது. "கால் வலிக்குது" என்பது நடைப் பேச்சு. "தலை வலிக்குது", "வாந்தி வருது" என்பது வேறு, அங்கேயே நின்றுவிட வேண்டும். அதுவரை தொணதொணத்த பிள்ளை பேசுவதை நிறுத்தினால் அதுவும் அறிகுறிதான். நிழலுக்குக் கொண்டுபோய், தொப்பியையும் சட்டையையும் ஓடை நீரில் நனைத்துப் போட்டு, விசிறி, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாவிட்டாலோ, அது வெப்பத்தாக்கு. தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கழுத்தளவு ஓடையில் அமிழ்த்துங்கள். அதே நேரம் இருவர் உதவிக்கு ஓடட்டும். பள்ளத்தாக்குக்குள் கைப்பேசி வேலை செய்யாது. மருத்துவமனை இருக்கும் பாங்விட்ச் ஊர் 80 மைலுக்கு அப்பால். இந்த ஒரு வரியை அறிவிப்பிலும் போடுங்கள். பயமுறுத்துவதாக ஆகாது, இதைத் தெரிந்துகொண்டு வருவது பெற்றோரின் உரிமை.

எந்த மாதம் போவது என்பதிலும் உறுதியாக இருங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுப்பகுதி வரை, பிறகு செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபரும். ஜூனில் வெயிலோடு கடிக்கும் ஈக்களும் சேரும். நீண்ட விடுமுறை கிடைக்கிறதே என்று ஜூலை 4-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழைக் காலமும்கூட. தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்க, மேட்டுநிலத்தில் பெய்த மழை பள்ளத்தாக்கில் இறங்கும். தேசிய வானிலைச் சேவையின் சால்ட் லேக் சிட்டி அலுவலகம் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளாகக் கணித்து வெளியிடுகிறது. கீழ்ப்படியான "எதிர்பார்க்கப்படவில்லை" என்பதைத் தவிர வேறு எது இருந்தாலும் பிள்ளைகளோடு போக வேண்டாம். நடுவழியில் தெளிந்த ஓடை கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ, காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையில் போவதானால் நாள் குறுகியது, மாலை 5 மணி கடந்த சிறிது நேரத்தில் சூரியன் மறைந்துவிடும், பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே இருட்டத் தொடங்கும். அப்போது யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம் என்கிறோமா? கட்டாயம் கூட்டிப் போங்கள். இந்தப் பாதை போல ஒவ்வொரு மைலிலும் எதையாவது வைத்திருக்கும் இடம் அபூர்வம். பாதையோரம் எண்ணிட்ட கம்பங்கள் உண்டு. அவற்றுக்கான விளக்கத் தாளைத் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டு, எண்களைத் தேடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு மைலுக்குள் எதிர்ப்பாறையின் இடுக்கில் ஒரு குதிர் தெரியும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த ஃப்ரீமான்ட் மக்கள் மக்காச்சோளம் சேமிக்கக் கட்டியது. தாத்தா வீட்டில் நெற்குதிர் பார்த்த பெற்றோர் உடன் இருந்தால் பிள்ளைக்கு அதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. இன்னும் சற்றுத் தள்ளி, ஓடைக்கு அக்கரையில், செங்காவி நிறத்தில் மூன்று பெரிய மனித உருவங்கள். தொலைநோக்கி ஒன்று கொண்டுபோனால் தோள்களின் அகலம்வரை தெரியும். அருகே போய்த் தொடக்கூடாது, கைப்பிசுக்கு பட்டாலே நிறம் கெடும். அதன்பிறகு பீவர் கட்டிய குட்டைகள். கரையில் குனிந்து, நிழல் தண்ணீரில் விழாமல் அசையாது இருந்தால் ட்ரவுட் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்பதைப் பார்க்கலாம்.

பாலையில் எங்கிருந்து தண்ணீர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாறையையே கைகாட்டலாம். இந்த நவாஹோ மணற்கல் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடு, இறுகிக் கல்லானது. மேட்டில் விழும் மழையும் பனியும் இதன் நுண்துளைகளில் மெல்ல இறங்கும். அடியில் உள்ள கயேன்டா அடுக்கு நீரை எளிதில் விடாது. இறங்க வழியில்லாத நீர் பக்கவாட்டில் ஊறி வெளியே வருகிறது. பாறைச் சுவரில் பச்சையாகக் கோடிட்டது போல் செடிகள் தொங்கும் இடமெல்லாம் அப்படிப்பட்ட ஊற்றுகள்தான். பிள்ளையின் காலணியிலிருந்து கொட்டுகிற மணல் அந்தப் பழைய மணல்மேட்டிலிருந்து உதிர்ந்தது என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை காலணியைத் தானே கழற்றி உதறும்.

இதை விரித்து எழுதியதற்குக் காரணம் உண்டு. குதிர், செவ்வுருவங்கள், பீவர் குட்டை, அருவி என்று நான்கு திரும்பும் இடங்களைப் பயணத் திட்டத்தில் போட்டால், ஐந்து வயதுப் பிள்ளையோடு பீவர் குட்டையில் திரும்புகிற குடும்பத்துக்கும் அந்த நாள் முழு நாளாகவே இருக்கும். அருவி ஒன்றே பயணம் என்று அறிவித்தால் அதே குடும்பம் தோற்றுப்போனதாக நினைத்து முன்னே போகும்.

சிறு விஷயங்கள் சில. முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பாதை தெரிந்த பெரியவர்களை நியமியுங்கள். கடைசியில் வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில். வழி தவறினால் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மூன்று மூன்றாக ஊத வேண்டும் என்று முந்தின நாளே பழக்குங்கள். சப்பாத்திக்கள்ளி இங்கேயும் உண்டு. பெரிய முள்ளைவிடச் சுணை போன்ற பொடிமுள்தான் தொல்லை, டேப்பை அழுத்தி ஒட்டி உரித்தால் பெரும்பகுதி வந்துவிடும். ஓடையோரம் மூன்று மூன்று இலையாகத் தளிர்க்கும் பாய்சன் ஐவியைத் தொடவிடாதீர்கள். கழிப்பறை முகாமில் மட்டும்தான். பள்ளத்தாக்கு குறுகல், மலத்தை ஓடையிலிருந்து 200 அடி தள்ளிப் புதைக்கப் பெரும்பாலும் இடமில்லை. ஆகவே குடும்பத்துக்கு ஒரு கழிவுப் பை, டயப்பரும் அதிலேயே திரும்பி வரட்டும். எண்ணெய், ஷாம்பு, சோப்பு எதுவும் அருவிக்கு வேண்டாம். பாறையில் பெயர் கீறுவது சட்டப்படி குற்றம்.

நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளே அதிகம் என்றால் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் உள்ள டாக்கிட்ஸ் பள்ளத்தாக்கு பொருத்தமானது. சுற்றி வர ஏறத்தாழ 2 மைல்தான், நீர் இருக்கும் பருவத்தில் 60 அடி அருவி. அகுவா கலியன்டே பழங்குடியினர் பராமரிக்கும் இடம், நுழைவுக் கட்டணம் உண்டு. படத்தில் பார்த்துவிட்டுச் சிலர் கேட்கும் அரிசோனாவின் ஹவாசு அருவியைப் பிள்ளைகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். முகாமுக்கே 10 மைல் நடை, முன்பதிவு அனுமதி இல்லாமல் போக முடியாது, ஒரே நாளில் போய்த் திரும்ப அனுமதியும் இல்லை.

உங்கள் அடுத்த அறிவிப்பு இப்படி அமையட்டும்:

"லோயர் காஃப் கிரீக் அருவி. போக 3 மைல், வர 3 மைல், பெரும்பாலும் மணல். யூட்டா நேரம் காலை 8:00-க்குப் புறப்பாடு. 11:45-க்கு எல்லோரும் திரும்புகிறோம், எங்கே இருந்தாலும். குதிர், செவ்வுருவங்கள், பீவர் குட்டை ஆகிய இடங்களிலும் பொறுப்பாளரோடு திரும்பலாம். பிள்ளைக்கு 2 லிட்டர், பெரியவருக்கு 3 லிட்டர் தண்ணீர். மூடிய காலணி, மாற்றுக் காலுறை, உலர்ந்த மாற்றுடை, உப்புப் பண்டம். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர். பள்ளத்தாக்கில் கைப்பேசி இயங்காது, மருத்துவமனை 80 மைலுக்கு அப்பால். வெள்ள வாய்ப்பு அறிவிக்கப்பட்டால் பயணம் ரத்து, முடிவு முந்தின மாலை 6 மணிக்குத் தெரிவிக்கப்படும்."

இதைப் படித்துச் சில குடும்பங்கள் பதிவு செய்யாமல் போகலாம். அவர்களை அழைத்துப் பேசி, பிள்ளைகளின் வயதைக் கேட்டு, பீவர் குட்டைவரை போய்வரும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
குழந்தைகளோடு தென்யூட்டா நடைபாதைகளில் நடப்பவர்கள்